மீட்பதும் பேணுவதும்: அருங்காட்சியகமான நீர்மூழ்கிக் கப்பல்கள் சொல்லும் பாடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொழில்நுட்ப மரபைக் காப்பது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். பேசுபொருளாக நீர்மூழ்கிக் கப்பலைத் தேர்ந்துகொண்டேன். கோயிலையும் ஓவியத்தையும் ஓலைச்சுவடியையும் காப்பது பற்றி நம்மிடம் பேச்சு நிறைய உண்டு. இருபதாம் நூற்றாண்டு விட்டுச்சென்ற பெரிய எந்திரங்களைக் காப்பது பற்றி அவ்வளவு பேசுவதில்லை. அவற்றுள் காப்பதற்கு மிகக் கடினமானது நீர்மூழ்கி. அதைக் காக்கக் கற்றுக்கொண்ட ஊர், வேறு எதையும் காத்துவிடும்.

சோவியத் ஒன்றியம் 1950களின் பிற்பகுதியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை ஒரே வரைபடத்தில் கட்டியது. மேற்குலகம் அவற்றுக்கு ‘ஃபாக்ஸ்ட்ராட்’ என்று பெயரிட்டது. நீளம் ஏறத்தாழ 91 மீட்டர். மூன்று டீசல் எஞ்சின்கள், மூன்று சுழலிகள், முன்பக்கம் ஆறும் பின்பக்கம் நான்குமாகப் பத்து டார்பிடோ குழல்கள். நம் கடற்படை இவற்றில் எட்டை வாங்கியது. முதலாவதான கல்வரி, 1967 டிசம்பர் 8 அன்று ரிகா துறைமுகத்தில் இந்தியக் கொடி ஏற்றியது. அந்த நாளையே நாம் நீர்மூழ்கி நாளாகக் கொண்டாடுகிறோம்.

இந்த வகைக் கப்பல்கள் சில, பணி ஓய்வுக்குப் பிறகு அருங்காட்சியகங்கள் ஆயின. சான் டியேகோவில் இருந்த பி-39, உடல் அரித்துப்போய் 2022இல் உடைக்க இழுத்துச் செல்லப்பட்டது. லாங் பீச்சில் குயின் மேரி கப்பலுக்குப் பக்கத்தில் நின்ற ‘ஸ்கார்பியன்’ 2015இல் மூடப்பட்டது. பெல்ஜியத்தின் ஸேபுரூகவில் நின்றது 2019இல் உடைக்கப்பட்டது. ரஷ்யாவின் கலினின்கிராடில் பி-413 இன்றும் நீரில் மிதந்தபடி மக்களை வரவேற்கிறது. விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் குர்சுரா கரையேறி நிற்கிறது.

ஒரே வரைபடம், ஒரே வகை எஃகு. கதி மட்டும் ஏன் இப்படி வேறுபட்டது? என் விடை இதுதான். ஒரு கப்பலை மீட்பது சில ஆண்டு வேலை. அதைப் பேணுவதற்கோ முடிவே கிடையாது. மீட்புக்கு மட்டும் பணமும் மனமும் திரட்டியவர்கள் கப்பலை இழந்தார்கள். பேணுவதற்கு ஏற்பாடு செய்தவர்களிடம் அது நிலைத்தது.

கரையேறிய குர்சுரா

குர்சுரா 1969 டிசம்பர் 18 அன்று ரிகாவில் பணியில் சேர்ந்தது. 1971 போரின்போது அரபிக் கடலில் சுற்றுக்காவல் புரிந்தது. 1970களில் உதிரிப்பாகம் கிடைக்காமல் தவித்த உடன்பிறப்புக் கப்பல்களுக்குத் தன் உறுப்புகளையே கழற்றிக் கொடுத்துவிட்டு நின்றது. பிறகு சோவியத் நாட்டுக்குப் போய் 1980 முதல் 1982 வரை பெரிய பழுதுபார்ப்பைப் பெற்றுத் திரும்பியது. 31 ஆண்டுப் பணியில் 73,500 கடல் மைல் ஓடி, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது.

அதைக் காட்சிக்கு வைக்கும் எண்ணத்தை முன்வைத்தவர் துணை அட்மிரல் வினோத் பஸ்ரீச்சா. ராமகிருஷ்ணா கடற்கரையில் கான்கிரீட் தாங்கிகள் எழும்பின. கடல்வழியே கொண்டுவந்த கப்பலைக் கரைக்கு இழுத்து நிலையில் நிறுத்துவதுதான் பெரும் சோதனை. நீரில் தானே மிதக்கும் பாரம், மணலைத் தொட்டதும் ஈராயிரம் டன் நெருங்கும் இரும்பாக மாறிவிடும். அந்தக் கடைசி 600 மீட்டரையும் கடந்து காட்சிக்குத் தயாராக, ஒன்றரை ஆண்டும் சுமார் 5.5 கோடி ரூபாயும் பிடித்தன. 2002 ஆகஸ்டில் அன்றைய ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு திறந்துவைத்தார்.

பொதுவாகச் செய்தி அத்தோடு முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது 2007 டிசம்பரில் நடந்தது. அப்போது கடற்படை பெரிய பராமரிப்புப் பணி ஒன்றை மேற்கொண்டு, கப்பலின் அடிப்பகுதியில் அரித்துப்போன எஃகுத் தகடுகளை மாற்றியது. எண்ணிப் பாருங்கள், நீரை விட்டு வெளியே வந்து ஐந்தே ஆண்டு. அதற்குள் தகடு மாற்றவேண்டிய நிலை. அந்த வேலையைத் தள்ளிப்போட்டிருந்தால், 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயல் அதே நகரத்தில் கரையைக் கடந்தபோது வேறு கதை நடந்திருக்கலாம்.

அங்கே மூன்று தரப்பினர் கைகோத்திருக்கிறார்கள். நகர வளர்ச்சிக் குழுமம் நிர்வாகத்தைப் பார்க்கிறது. கடற்படை தொழில்நுட்பத் துணை நிற்கிறது. ஓய்வுபெற்ற கடற்படையினர் வழிகாட்டிகளாக உள்ளே நின்று விளக்குகிறார்கள். குர்சுரா நன்றாக நின்றதால்தான் அதற்கு எதிரிலேயே 2017இல் டியூ-142 விமானமும் அருங்காட்சியகமாக வந்து சேர்ந்தது. பேணப்பட்ட ஒன்று அடுத்ததையும் அழைத்து வரும்.

துரு எங்கே பிடிக்கிறது

வெளியிலிருந்து பார்த்தால் நீர்மூழ்கி ஒரு கறுப்பு உருளை. உண்மையில் அதற்கு இரண்டு கூடுகள். உட்புறம் இருப்பது அழுத்தக் கூடு. 250 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 25 கிலோ கனம் அழுத்தும். அதைத் தாங்கும் தடித்த எஃகு அது. அதைச் சுற்றிப் போர்த்தியிருப்பது மெல்லிய வெளிக்கூடு. இரண்டுக்கும் நடுவே மூழ்கவும் எழவும் உதவும் நீர்த்தொட்டிகள், எரிபொருள் தொட்டிகள், குழாய்கள். ஆள் படுத்து ஊர்ந்தால்தான் அந்த இடைவெளிக்குள் போகமுடியும்.

பணியில் உள்ள கப்பல் குறித்த காலத்தில் டிரை டாக்கில் ஏறும். சிப்பிங் சுத்தியலோடு ஆட்கள் அந்த இடைவெளிக்குள் நுழைந்து, துருவைத் தட்டி எடுத்து, பிரைமர் அடித்து, பெயின்ட் பூசி வெளியே வருவார்கள். அருங்காட்சியகம் ஆனபிறகு அந்த இடைவெளியைப் பார்வையாளர் பார்ப்பதில்லை. அதனால் நிர்வாகமும் பார்ப்பதில்லை. வெளிப்புறப் பெயின்ட் ஆண்டுதோறும் பளபளக்கும். பின்னால் தகடு காகிதமாகிக்கொண்டிருக்கும்.

நீரில் மிதக்கும் கப்பலுக்கு நீர்மட்டக் கோடுதான் உயிர்நிலை. எப்போதும் ஆழத்தில் இருக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் குறைவு. எப்போதும் காய்ந்திருக்கும் பகுதிக்கு ஈரம் குறைவு. அலை நனைத்து நனைத்து விடும் பட்டையில் உப்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்கின்றன. அரிப்பு அங்கே மும்முரமாகிறது. வெண்கலச் சுழலியும் எஃகு உடலும் ஒரே உப்புநீரில் இருந்தால் அது ஒரு மின்கலம் போல் செயல்பட்டு எஃகைத் தின்னும். அதைத் தடுக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். எஃகுக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். கரைந்த கட்டியை மாற்ற ஆள் இல்லையென்றால் அடுத்துக் கரைவது கப்பல்.

நிலத்துக்கு வந்தால் தொல்லை வடிவம் மாறுகிறது. கடற்காற்று உப்பைத் தூவுகிறது. மேல்தளத்தின் வடிதுளைகள் இலையும் தூசியும் அடைத்துக்கொள்ள, மழைநீர் உள்ளே தேங்குகிறது. பறவைகள் கூடு கட்டுகின்றன; எச்சத்தின் அமிலம் பெயின்டைத் துளைக்கிறது. உள்ளேயோ சன்னல் இல்லாத இரும்பு அறைகள். பார்வையாளர் மூச்சின் ஈரம் குளிர்ந்த எஃகில் பட்டு நீர்த்துளியாகி, தரைத்தகட்டுக்கு அடியில் உள்ள பில்ஜில் சேர்கிறது. காற்றோட்டமும் ஈரப்பத அளவும் இங்கே வசதிக்காகச் செய்பவை அல்ல, மருந்து.

பாதுகாப்புக்காகச் செய்வதும் புதுக் கேள்விகளை எழுப்பும். அமிலமும் ஹைட்ரஜனும் ஆபத்து என்பதால் பெரிய பேட்டரிகளைக் கழற்றிவிடுவார்கள். மிதக்கும் கப்பலில் அந்தக் கனம் போனால் அது நீரில் உயர்ந்து நிற்கும். நீர்மட்டக் கோடு வேறு இடத்துக்கு மாறும், அரிப்பும் கூடவே இடம் மாறும். ஈடாகக் கனம் ஏற்றினால் அந்தக் கனத்துக்குக் கீழே உள்ள தகட்டை யார் எப்படிப் பார்ப்பது என்று யோசிக்கவேண்டும். பழைய கப்பல்களில் கல்நார் உறைகளும் ஈயப் பெயின்டும் இருக்கும். அவற்றைப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அகற்றவேண்டும்.

நீரிலா, நிலத்திலா, கூரையின் கீழா?

இந்தக் கேள்விக்கு உலகம் பல விடைகளை முயன்று பார்த்திருக்கிறது.

அமெரிக்காவின் ராட் தீவு மாநிலத்தில் பிராவிடன்ஸ் நகரில், கே-77 என்ற சோவியத் ஏவுகணை நீர்மூழ்கி அருங்காட்சியகமாக மிதந்தது. 2007 ஏப்ரலில் வந்த புயலில் தண்ணீர் புகுந்து, கட்டியிருந்த இடத்திலேயே மூழ்கியது. மறு ஆண்டு தூக்கி எடுத்தார்கள். மீளமுடியாத சேதம் என்று கண்டு உடைத்துவிட்டார்கள். மூழ்குவதற்கென்றே கட்டப்பட்ட கப்பல், கவனிக்க ஆள் இருந்தவரைதான் மிதந்தது.

பிரிட்டனின் காஸ்போர்ட்டில் ‘அலையன்ஸ்’ 1981 முதல் அருங்காட்சியகம். தாங்கிகளின் மேல், ஆனால் கடல்நீருக்கு மேலேயே நிறுத்தியிருந்தார்கள். கீழே நீர் இருந்ததால் சாரம் கட்டி அடிப்பகுதியை அணுகுவதே பெரும் செலவானது. முன்பக்கமும் பின்பக்கமும் அரித்து விழத் தொடங்கின. புறாக்கள் வேறு குடியேறின. இறுதியில் ஏறக்குறைய 70 லட்சம் பவுண்டு செலவில் திட்டம் தீட்டினார்கள். அரித்த உலோகத்தை மாற்றியதோடு, கப்பலுக்கு அடியில் நீரைத் தடுத்து நிலத்தையே உருவாக்கினார்கள். 2014இல் மீண்டும் திறந்தபோது அதன் வயிற்றுக்குக் கீழே மனிதர் நடக்கலாம், ஏணி வைக்கலாம், சுரண்டலாம், பூசலாம். அந்தத் திட்டத்தில் என் மனத்தைக் கவர்ந்தது அதுதான். பழுதை நீக்கியதோடு நில்லாமல், அடுத்த பழுதை எட்டுவதற்கு வழியும் செய்தார்கள்.

எஸ்தோனியாவின் ‘லெம்பித்’ 1936இல் பிரிட்டனில் நீரில் இறக்கப்பட்டது. 2011இல் தாலின் நகரில் கரையேற்றும்வரை, மிதந்துகொண்டிருந்த நீர்மூழ்கிகளில் மிகப் பழையது என்ற பெயர் அதற்கு இருந்தது. இப்போது பழைய கடல்விமானக் கொட்டகையின் கான்கிரீட் குவிமாடங்களுக்குக் கீழே மழையும் வெயிலும் படாமல் நிற்கிறது.

சிகாகோவின் கதை இன்னும் விரிவானது. 1944 ஜூன் 4 அன்று கேப்டன் டேனியல் கேலரியின் படை, ஜெர்மானிய யூ-505ஐ நடுக்கடலில் உயிரோடு பிடித்தது. 1954இல் அது சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. உள்ளிருந்த கருவிகள் பலவும் அதற்குள் காணாமல் போயிருந்தன. அவற்றை முதலில் செய்த ஜெர்மன் நிறுவனங்களுக்கே அருங்காட்சியகம் எழுதிக் கேட்டது. அவர்களும் விலை வாங்காமல் பாகங்களை அனுப்பிவைத்தார்கள். இவ்வளவு அக்கறையோடு மீட்கப்பட்ட கப்பலும் ஐம்பது ஆண்டு வெட்டவெளியில் நின்று சிகாகோவின் பனியிலும் மழையிலும் நலிந்தது. 2004இல் நிலத்தடியில் அதற்கென்றே கூடம் கட்டி உள்ளே நகர்த்தினார்கள். செலவு 3.5 கோடி டாலர்.

எல்லா ஊருக்கும் சிகாகோவின் கை வராது. அது தேவையுமில்லை. அணுகும் வழி, வடிகால், நிழல், ஈரக் கட்டுப்பாடு ஆகிய நான்கையும் முதல் நாளே வரைபடத்தில் சேர்த்துவிட்டால் பின்னால் வரும் பெருஞ்செலவில் பெரும்பகுதி குறையும்.

உப்பின் நினைவு

பூச்சு பூசினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ‘ஹாலண்ட் 1’ நல்ல பாடம். பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கி அது. 1901இல் நீரில் இறங்கியது. 1913இல் பழைய இரும்பாக விற்கப்பட்டு, இழுத்துச் செல்லும் வழியில் எடிஸ்டன் கலங்கரை விளக்கத்துக்கு அருகே மூழ்கியது. 1981இல் கண்டுபிடித்து, 1982இல் மேலே தூக்கினார்கள். சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சு பூசி, 1983இல் காட்சிக்கு வைத்தார்கள். மீட்பு முடிந்தது என்றே எல்லாரும் நம்பினார்கள்.

பத்தே ஆண்டில் துரு மீண்டும் வெடித்துக் கிளம்பியது. எழுபது ஆண்டு கடலடியில் கிடந்த எஃகுக்குள் குளோரைடு உப்பு ஊடுருவியிருந்தது. மேலே பூசிய பூச்சு அதை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது. பிறகு கப்பலைச் சுற்றி ஒரு பெரிய தொட்டி கட்டி, சோடியம் கார்பனேட் கரைசலால் நிரப்பி, ஆண்டுக்கணக்கில் ஊறவைத்து உப்பை வெளியே இழுத்தார்கள். 2001இல், ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட தனிக் கட்டடத்தில் அது மீண்டும் காட்சிக்கு வந்தது. மாணவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் வேலை பூச்சு அல்ல, நோயறிதல். எஃகுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தூரிகையை எடுக்காதீர்கள்.

எது அசல்?

தகட்டை மாற்றினால் அது பழைய கப்பல்தானா என்று கேட்பார்கள். பணிக்காலத்திலேயே எல்லாக் கப்பலும் தகடு மாற்றிக்கொண்டவைதான். குர்சுராவின் உறுப்புகள் பிற கப்பல்களுக்குப் போனதைச் சொன்னேன். ஆகவே மாற்றம் குற்றமல்ல, மறைத்த மாற்றமே குற்றம். எந்தத் தகடு, எந்த ஆண்டு, எந்த எஃகு, யார் வெல்டிங் செய்தது என்று ஏட்டில் எழுதி வைத்தால் அதுவும் கப்பலின் வரலாறாகிவிடும்.

வாசல் விஷயத்தில் கருத்துகள் வேறுபடுகின்றன. கூட்டம் எளிதாக வந்துபோக, பெரும்பாலான இடங்களில் அழுத்தக் கூட்டின் பக்கவாட்டில் வாசல் வெட்டுகிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நிற்கும் ‘காட்’ அதைச் செய்யவில்லை. மாலுமிகள் இறங்கிய அதே செங்குத்து ஏணியில்தான் பார்வையாளரும் இறங்கவேண்டும். உடலின் முழுமை காக்கப்பட்டது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் உள்ளே வருவது கடினமாயிற்று. என் கருத்து, நம் நாட்டில் வாசல் வேண்டும் என்பதே. பேரனோடு வரும் பாட்டியும் பார்க்கவேண்டும். ஆனால் வெட்டிய தகட்டை எடைக்குப் போடாமல் அருகிலேயே வைத்துக் கூட்டின் தடிமனைக் காட்டவேண்டும்.

அசல் என்பது இரும்போடு முடிவதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘பம்பனிட்டோ’ கப்பலின் டார்பிடோ கணிப்பொறியை மீண்டும் இயங்க வைத்திருக்கிறார்கள். பல்சக்கரங்கள் சுழன்று குறி கணிக்கும் அந்த எந்திரம் ஓடும்போது, ஒரு தலைமுறையின் அறிவு கண்முன் நடக்கிறது. எந்த வால்வை எந்த வரிசையில் திறப்பது, எஞ்சின் அறையில் எந்தச் சத்தம் கேட்டால் எதை நிறுத்துவது என்பதெல்லாம் கையேட்டில் பாதியும், பணியாற்றியவர் கையில் பாதியும் இருக்கின்றன. நம் முதல் நீர்மூழ்கிகளில் இளைஞர்களாகச் சேர்ந்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் குரலையும் கைவேலையையும் பதிவு செய்வது தகடு மாற்றுவதைவிட அவசரமான வேலை.

வட்டியில் எரியும் விளக்கு

இனி, இந்த மேடைக்கே உரிய செய்திக்கு வருகிறேன். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் 1997இல் ஓய்வு பெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக மிதந்தது. 2012இல் பாதுகாப்புக் காரணத்தால் மூடப்பட்டது. 2014இல் உடைக்க விற்கப்பட்டது. நம் மாநிலத்துக்கும் ஒரு நீர்மூழ்கி வருவதாக இருந்தது. குர்சுராவின் உடன்பிறப்பான வாக்லி, 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றபின் மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக நிற்கவேண்டும் என்பது திட்டம். சென்னைத் துறைமுகம் வரை வந்தது. ஆண்டுக்கணக்கில் அங்கே காத்துக் கிடந்தது. மாமல்லபுரம் போய்ச் சேரவேயில்லை. விருப்பம் இருந்தது, கப்பலும் இருந்தது. கரைக்கு இழுக்கும் செலவையும் அதன்பின் வரும் ஆண்டுகளின் செலவையும் சுமக்கும் அமைப்பு இருக்கவில்லை.

அத்தகைய அமைப்பு நமக்குப் புதிதா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றை இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டியது அவர்கள் பொறுப்பு. கிழட்டு ஆடு சாகும், குட்டி பிறக்கும், மந்தையின் எண்ணிக்கை குறையாது, விளக்கும் அணையாது. கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், அளவு எல்லாம் கல்லில் வெட்டப்பட்டன. விளக்கு வாங்கிக் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை, நெய்க்கும் வழி செய்தார்கள். இந்த அறக்கட்டளையும் முதலைத் தொடாமல் அந்த முறையில்தான் நடக்கிறது. அருங்காட்சியகக் கப்பலுக்கும் அதே முறை வேண்டும்.

அதற்கு நான்கு நிபந்தனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, கப்பல் வருமுன்பே பராமரிப்பு வைப்புநிதி வரவேண்டும். மீட்புச் செலவுக்குத் திரட்டும் தொகையில் ஒரு பங்கைத் தொடக்கூடாத முதலாக ஒதுக்கி, அதன் வட்டியைப் பெயின்டுக்கும் தகட்டுக்கும் கூலிக்கும் மட்டுமே செலவிடவேண்டும். நுழைவுச்சீட்டு வருமானத்தை மட்டும் நம்பக்கூடாது. கூட்டம் குறையும் ஆண்டில் துரு விடுப்பு எடுப்பதில்லை.

இரண்டாவது, உடல்நல ஏடு. தகட்டின் தடிமனை மீயொலிக் கருவியால் ஆண்டுதோறும் அதே இடங்களில் அளந்து எழுதவேண்டும். எங்கே தேய்கிறது என்பது ஓட்டை விழுமுன் எண்ணிலேயே தெரிந்துவிடும். அந்த ஏடு பொதுமக்கள் பார்வைக்கும் இருக்கவேண்டும்.

மூன்றாவது, கைகள். ஐடிஐ முடித்த ஃபிட்டரும் வெல்டரும் ஓய்வுபெற்ற கடற்படையினரிடம் தொழில் பயிலும் இடமாக அந்தக் கப்பல் இருக்கட்டும். பராமரிப்பு நடக்கும் நாளில் கதவை மூடவேண்டாம். துரு தட்டுவதையும் தகடு ஒட்டுவதையும் மாணவர்கள் நின்று பார்க்கட்டும். காட்சிப்பொருள்களிலேயே சிறந்தது அதுதான்.

நான்காவது, முடிவெடுக்கும் துணிவு. காக்கமுடியாத நிலை வந்தால் அதை மறைத்து இழுத்தடிக்கக்கூடாது. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் அருகே நின்ற ‘கிளாமகோர்’ 2022இல் கலைக்கப்பட்டபோது, அதன் பாகங்கள் பிற அருங்காட்சியக நீர்மூழ்கிகளுக்கு உதவின. முறையாக அளந்து, படமெடுத்து, பகிர்ந்துகொடுத்துக் கலைப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

இது வருங்காலத்துக்கான வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. ஃபாக்ஸ்ட்ராட்டுக்குப் பின் வந்த சிந்துகோஷ் வகுப்புக் கப்பல்களும் ஓய்வு பெறத் தொடங்கிவிட்டன. சிந்துத்வஜ் 2022 ஜூலையில் விடைபெற்றது. நம் கடற்கரை ஊர் ஏதேனும் அவற்றில் ஒன்றைக் கேட்கும் நாள் வரலாம். வரவேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை கொண்ட மாநிலத்தின் பிள்ளைகள், கடலுக்கடியில் மனிதர் எப்படி வாழ்ந்து பணி செய்தார்கள் என்பதை விசாகப்பட்டினத்துக்குப் போய்த்தான் பார்க்கவேண்டும் என்றிருக்கலாகாது.

அப்படிக் கேட்பவர்கள் திறப்பு விழா நாளைக் குறிக்குமுன், அந்தக் கப்பலின் இருபத்தைந்தாம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை எழுதிக் கொண்டுவரட்டும். அதில் பணமும் பெயரும் பொறுப்பும் தெளிவாக இருந்தால், கொடையாளர்களே, தயங்காமல் கொடுங்கள்; மாணவர்களே, தயங்காமல் அந்த வேலைக்கு வாருங்கள். இல்லையென்றால், கப்பல் வேண்டாம் என்று சொல்லும் நேர்மை நமக்கு வேண்டும்.